பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து: ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டின் விசிட்டிங் கார்டுக் கணக்கு

அமெரிக்காவில் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் வாங்கி இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்ட நம் ஆட்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பம் வரும். வேலை மந்தமான குளிர்காலத்தில் ஒவ்வொரு வகுப்பாகப் போய் முடித்திருப்பார்கள், ஏ.பி.ஆர்., ஜி.ஆர்.ஐ., எஸ்.ஆர்.இ.எஸ்., பி.எஸ்.ஏ., ஆர்.இ.என்.இ. என்று இந்தத் தொழிலின் கூடுதல் பயிற்சிப் பட்டங்களைக் குறிக்கும் எழுத்துகள் சேர்ந்திருக்கும். காசு கட்டிப் படித்ததை கார்டில் போடாமல் விடுவதா என்று ஒரு மனசு சொல்லும், போட்டால் யாருக்குப் புரியப்போகிறது என்று இன்னொரு மனசு சொல்லும். நான் டாலஸ் பக்கம் இதே தொழிலில் இருப்பதால் டெக்ஸாஸ் உதாரணம்தான் அதிகம் வரும், மற்ற மாநிலத்துக்காரர்கள் உங்கள் ஊர் விதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை எழுத்து என்பதை உங்கள் படிப்பை வைத்து முடிவு செய்யக்கூடாது, கார்டு யார் கைக்குப் போகிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். வீடு வாங்குபவர், விற்பவர் கைக்கு என்றால் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. இன்னொரு ஊர் ஏஜென்ட் கைக்கு என்றால் நான்கு போட்டாலும் தப்பில்லை. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் இடப் பிரச்சினை. இங்கே கார்டு மூன்றரை அங்குலம் நீளம், இரண்டு அங்குலம் உயரம். அதில் பெயர், போன், மெயில், இந்தத் தொழிலில் கட்டாயம் மாதிரி ஆகிவிட்ட போட்டோ, கம்பெனி லோகோ, டீம் பெயர், க்யூ.ஆர். கோடு எல்லாம் உட்கார வேண்டும். அப்புறம் சட்டம் கேட்பது தனி. டெக்ஸாஸ் ரியல் எஸ்டேட் ஆணையத்தின் விளம்பர விதிப்படி உங்கள் புரோக்கரின் பெயர் கார்டில் இருந்தே ஆக வேண்டும், அதுவும் தொடர்பு விவரங்களில் எது பெரிய எழுத்தோ அதில் பாதி அளவுக்காவது. (நம்மூரில் ஒருவரை புரோக்கர் என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பார், இங்கே அது ஏஜென்ட்டுக்கு மேல்படி. ஏஜென்ட் எவரும் ஒரு புரோக்கரின் கீழ்தான் வேலை செய்ய முடியும்.) ஏஜென்ட்டாக இருந்துகொண்டு ஓனர், பிரசிடென்ட், சி.இ.ஓ. என்று போட்டுக்கொள்வதும் இங்கே கூடாது, கம்பெனியையே நடத்துகிறவர் என்று தோன்றவைக்கும் எந்தப் பட்டமும் விதிமீறல்தான். டீம் பெயர் வைத்தால் அது டீம் அல்லது குரூப் என்று முடிய வேண்டும்.

கலிஃபோர்னியா இன்னும் கறார். 2018 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் எண்ணும் பொறுப்பு புரோக்கரின் அடையாளமும் கார்டில் இருக்க வேண்டும், அந்த எண்ணின் எழுத்தும் கார்டில் உள்ள மிகச் சிறிய எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. நியூயார்க்கில் அலுவலக முகவரி, அலுவலக போன், எந்த வகை லைசென்ஸ், எந்த புரோக்கர், எல்லாம் வேண்டும். இதையெல்லாம் வைத்தபின் மிச்சம் இருக்கும் இடத்துக்குத்தான் இத்தனை எழுத்துகளும் போட்டி போடுகின்றன. கார்டு டிசைன் பண்ணும்போது பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பட்டங்களை முதலில் வைத்துவிட்டு புரோக்கர் பெயரை அடியில் எறும்பு சைஸில் சொருகுகிறார்கள்.

இன்னொரு அடிப்படை விஷயம், இந்த எழுத்துகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. ரியல்டர் என்பது பட்டமே இல்லை. 1908-இல் சிகாகோவில் தொடங்கிய தேசிய ரியல்டர்கள் சங்கத்தில் உறுப்பினர் என்பதற்கான வணிகச் சின்னம் அது. லைசென்ஸ் வைத்திருப்பவர் எல்லோரும் அதைப் போட முடியாது. உறுப்பினராகவே இருந்தாலும் ‘ஃபிரிஸ்கோவின் (டாலஸ் பக்கத்து ஊர்) நம்பர் ஒன் ரியல்டர்’ என்று முன்னால் அடைமொழி சேர்க்கக்கூடாது, சங்கத்தின் வணிகச்சின்ன விதி அதை அனுமதிப்பதில்லை. ஏறத்தாழ 15 லட்சம் பேர் உறுப்பினர்கள் என்பதால் அந்தச் சொல் உங்களைத் தனித்துக் காட்டப்போவதும் இல்லை. ஆனாலும் வாடிக்கையாளருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான், எனவே அது இருக்கட்டும்.

மற்றவற்றில் டெசிக்னேஷன் ஒரு வகை, சர்டிஃபிகேஷன் இன்னொரு வகை. முதல் வகைக்குப் பாடம், சிலவற்றுக்கு அனுபவக் கணக்கு, அப்புறம் வருடா வருடம் சந்தா. ஏ.பி.ஆர்., சி.ஆர்.எஸ். (குடியிருப்பு வீட்டு விற்பனை நிபுணர்), எஸ்.ஆர்.இ.எஸ்., சி.ஐ.பி.எஸ். (சர்வதேசச் சொத்து) எல்லாம் இதில் சேரும். இரண்டாவது வகைக்கு ஒரு தடவை பணம் கட்டினால் போதும், பி.எஸ்.ஏ. (விலை நிர்ணயம்), எம்.ஆர்.பி., எஸ்.எஃப்.ஆர். (கடன் சிக்கலில் விற்கும் வீடுகள்), இ-ப்ரோ (இணையத் திறன்) எல்லாம் இப்படி. கார்டு அடிக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் சந்தா கட்டாமல் விட்டால் அந்த எழுத்துகளைப் போடும் உரிமையும் போய்விடும். சங்கத்தின் நடத்தை விதிகளில் 12-ஆவது பிரிவு, முறைப்படி உரிமை உள்ள பட்டங்களை மட்டுமே விளம்பரத்தில் காட்டலாம் என்கிறது. மேஜை டிராயரில் பாதிக்கட்டு பழைய கார்டு கிடக்கிறது, அதில் போன வருடம் கைவிட்ட பட்டம் இருக்கிறது என்றால் அந்தக் கட்டு கழிவுதான்.

சரி, இனி ஒவ்வொரு வழியாக.

எல்லாவற்றையும் போடுவது. நம்மவர்களுக்கு இது இயல்பாகவே வருகிறது, கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.எஸ்., அடைப்புக்குறிக்குள் யு.எஸ்.ஏ. என்று போட்டு வளர்ந்த கூட்டம் நாம். படிப்பைக் காட்டினால் மரியாதை வரும் என்பது ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் பி.இ. என்றால் என்னவென்று பத்திரிகை வாங்குகிற அத்தைக்குத் தெரியும். சி.ஆர்.எஸ். என்றால்? ஃபிரிஸ்கோவில் இருக்கும் ஐ.டி. பையனுக்கு சி.ஆர்.எஸ். என்றால் கனடா பி.ஆர். ஸ்கோர். ஜி.ஆர்.ஐ. என்று போட்டால் ஜி.ஆர்.இ.-யைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைப்பான். எஸ்.எஃப்.ஆர். இன்னும் வம்பு, முதலீட்டுக்கு வீடு தேடுகிறவருக்கு அது தனி வீட்டைக் குறிக்கும் சுருக்கம். அறுபது வயதுக்காரரிடம் பி.எஸ்.ஏ. என்று எழுதிய கார்டை நீட்டினால் அவருக்கு ஞாபகம் வருவது ப்ராஸ்டேட் ரத்தப் பரிசோதனை.

கோவில் கேன்டீனில், பொங்கல் விழா ஸ்டாலில் கார்டு வாங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். போட்டோவையும் ஆளையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பெயரைப் படிப்பார்கள், எந்த ஊர்க்காரர் என்று கேட்பார்கள், பைக்குள் போட்டுவிடுவார்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் வரிசையில் கண் நிற்பதே இல்லை. நின்றாலும் அது நல்லதுக்கு இல்லை. ஏழு பட்டம் பார்த்தால், இவருக்கு வகுப்புக்குப் போக இவ்வளவு நேரம் எங்கே கிடைத்தது, வியாபாரம் இல்லையோ என்று ஒரு சந்தேகம் வரும். அநியாயமான சந்தேகம்தான், ஆனால் வரும்.

பட்டங்களுக்கு வயசும் ஆகிறது. 2008 வீட்டுக் கடன் நெருக்கடிக்குப் பிறகு, கடனைவிட வீட்டு விலை குறைந்துபோய் வங்கியிடம் கெஞ்சி விற்ற காலத்தில், எஸ்.எஃப்.ஆர். கையில் இருந்தால் அது வேலைக்கான தகுதி. இன்று அதைக் கார்டில் பார்க்கும் ஏஜென்ட்டுக்கு இந்தக் கார்டு எந்த வருடம் டிசைன் ஆனது என்று தெரிந்துவிடும். இ-ப்ரோ கதையும் அதேதான். இணையம், மெயில் எல்லாம் புதுசாக இருந்த காலத்தில் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது, இப்போது அதைப் போடுவது பயோடேட்டாவில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் என்று போடுவது மாதிரி.

ஒன்றுமே போடாமல் விடுவது. சட்டம் கேட்பது, ரியல்டர் என்ற சொல், அவ்வளவுதான். கார்டு சுத்தமாக இருக்கும், போன் நம்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, பரிந்துரையிலேயே ஓடுகிற ஏஜென்ட்டுக்கு இது சரியாகப் பொருந்தும். புதுசாக வந்தவருக்கும் பொருந்தும், ஏனென்றால் டெக்ஸாஸில் லைசென்ஸுக்கே 180 மணி நேரப் பாடம் முடித்திருக்கிறார், கையில் வேறு எதுவும் இல்லாததில் வெட்கம் இல்லை. நடுவில் இருப்பவருக்குத்தான் இது நஷ்டம். மூன்று ஏஜென்ட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று கார்டையும் மேஜையில் பரப்புகிறவருக்கு, உங்களைப் பற்றிச் சொல்ல உங்கள் கார்டில் எதுவும் இருக்காது.

ஒன்றோ இரண்டோ, அதுவும் வாக்கியமாக. எனக்குப் பிடித்த வழி இது. எழுத்துகளை விட்டுவிட்டு, அந்தப் பட்டத்தால் வாடிக்கையாளருக்கு என்ன கிடைக்கிறது என்பதை ஒரு வரியாகப் போடுவது. உதாரணத்துக்கு ஏ.பி.ஆர். இது வாங்குகிறவர் பக்கம் நின்று வேலை செய்வதற்கான பயிற்சி. 2024 ஆகஸ்ட் 17 முதல், கமிஷன் பற்றிய வழக்கில் சங்கம் செய்துகொண்ட சமரசப்படி, வீட்டைக் காட்டும் முன்பே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், உங்கள் கட்டணம் எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். முன்பு விற்பவர் கொடுப்பார் என்று பேசாமல் இருந்தவர்கள் இப்போது, உனக்கு நான் ஏன் இவ்வளவு தர வேண்டும் என்று நேராகவே கேட்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அந்த இடத்தில் ‘வாங்குபவர் தரப்புக்கென்றே பயிற்சி பெற்றவர்’ என்று ஒரு வரி பேச்சைத் தொடங்கிக்கொடுக்கும். ஏ.பி.ஆர். என்ற மூன்று எழுத்து கொடுக்காது.

எஸ்.ஆர்.இ.எஸ். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான பட்டம், பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போகிறவர்கள், ஓய்வுக்குப் பிறகு இடம் மாறுகிறவர்கள். இதைப் போடுகிறவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குப் புரிவதே இல்லை. மூத்தவர்களுக்கான பட்டம் என்று சொல்லிவிட்டு அதை ஆறு பாயின்ட் எழுத்தில், சாம்பல் நிறத்தில், வெள்ளைத் தாளில் அடிக்கிறார்கள். இந்த ஒரு பட்டத்துக்காவது எழுத்து பெரிசாக இருக்க வேண்டாமா? எம்.ஆர்.பி. ராணுவக் குடும்பங்கள் இடம் மாறும்போது உதவுவதற்கான சர்டிஃபிகேஷன். சான் அன்டோனியோவிலும் கில்லீனிலும் அது சோறு போடும், ஃபிரிஸ்கோவில் அதைப் பார்த்து யாரும் போன் எடுக்கப்போவதில்லை. ஆர்.இ.என்.இ.-யில் பேரம் பேசும் நிபுணர் என்ற அர்த்தம் இருக்கிறது, அதை விரித்துப் போட்டால் எதிர்த்தரப்பு ஏஜென்ட்தான் முதலில் சிரிப்பார், எனக்கு அது கூச்சமாக இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜி.ஆர்.ஐ. பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இந்த வரிசையில் பாடமாகப் பார்த்தால் உருப்படியானவற்றில் அதுவும் ஒன்று, மாநிலச் சங்கங்கள் நடத்துகின்றன, ஒப்பந்தம், சட்டம், விலை நிர்ணயம் என்று அகலமாகப் போகும். ஆனால் அகலமாக இருப்பதாலேயே ஒரு வரியில் வாடிக்கையாளருக்குச் சொல்ல முடியாது. படிக்க நல்லது, கார்டுக்கு ஆகாது.

இங்கேதான் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. எந்தப் பட்டத்தையும்விட, ‘தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் பேசுவேன்’ என்ற ஒரு வரி நம் மாதிரி ஏஜென்ட்டுக்கு அதிகம் உழைக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் கூடவே வீடு பார்க்க வருவார்கள், வாசல் எந்தப் பக்கம், சமையலறை எந்த மூலை என்று கேட்பார்கள், அதற்கெல்லாம் சங்கத்தில் வகுப்பு கிடையாது. என்னென்ன மொழி பேசுவீர்கள் என்று போடுவதில் தவறில்லை. ஆனால் ‘தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும்’, ‘நம்மவர்களுக்கே முன்னுரிமை’ என்ற தொனியில் எதையும் அச்சடித்துவிடாதீர்கள். 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் பூர்வீக நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது, விளம்பர வாசகத்துக்கும் அது பொருந்தும்.

அப்புறம் இரண்டு கார்டு வைத்துக்கொள்ளும் வழி. முன்பு சொன்ன ‘இன்னொரு ஏஜென்ட் கைக்கு’ என்பது இதற்குத்தான். சியாட்டிலில் இருக்கும் ஏஜென்ட்டின் வாடிக்கையாளர் வேலை மாறி டாலஸ் வருகிறார் என்றால், அவர் இங்கே ஒருவரிடம் அனுப்பிவைப்பார், பெரும்பாலும் கமிஷனில் கால் பங்கு அவருக்குப் போகும். முகம் தெரியாத ஒருவரிடம் தன் வாடிக்கையாளரை அனுப்புகிறவர் எதைப் பார்ப்பார்? அங்கேதான் சி.ஆர்.எஸ். வேலை செய்கிறது. வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் அது கிடைக்காது, குறிப்பிட்ட அளவு விற்பனைகளை முடித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த ஏஜென்ட்டுக்குத் தெரியும். அவரிடம் சுருக்கெழுத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, விரித்தால்தான் வித்தியாசமாகத் தெரியும். மாநாட்டுக்குப் போகும்போது எடுத்துப்போகும் கார்டில் சி.ஆர்.எஸ்., ஏ.பி.ஆர்., சி.ஐ.பி.எஸ். வரிசையாக இருக்கட்டும், பின்பக்கம் எந்தெந்த ஊர், எந்தெந்தப் பள்ளி மாவட்டம் என்று போடுங்கள். உள்ளூர் கார்டு வேறு. அச்சுச் செலவு இப்போது பெரிய விஷயம் இல்லை, எந்தக் கார்டு எந்தப் பையில் இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் தொல்லை.

வணிகச் சொத்து பக்கம் போனால் கணக்கே மாறுகிறது. வணிகச் சொத்துக்கான பட்டமான சி.சி.ஐ.எம். வாங்க நிதிக் கணக்கு, சந்தை ஆய்வு என்று கடுமையான பாடங்கள், முடித்த வேலைகளின் தொகுப்பு, கடைசியில் ஒரு பெரிய பரிட்சை. பெட்ரோல் பங்க், ஸ்ட்ரிப் மால், மோட்டல் என்று வாங்கி விற்கிறவர்களுக்கு அந்த எழுத்துகள் தெரியும், கடன் கொடுக்கும் வங்கிக்காரருக்கும் தெரியும். அது கையில் இருந்தால் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள், மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சி.சி.ஐ.எம். பக்கத்தில் பி.எஸ்.ஏ. உட்கார்ந்தால் பெரியதின் மதிப்புதான் குறையும்.

பட்டம் இல்லாமல் இன்னொரு லைசென்ஸ் இருப்பவர்கள் கதை தனி. நம்மவர்களில் ஏஜென்ட்டாகவும் வீட்டுக் கடன் அதிகாரியாகவும் இரண்டு தொப்பி போடுகிறவர்கள் உண்டு. கடன் பக்கம் என்றால் என்.எம்.எல்.எஸ். எண்ணும் (கடன் அதிகாரிகளின் பதிவு எண்) போட வேண்டிவரும், இரண்டு கம்பெனி பெயர், இரண்டு லைசென்ஸ் எண், இரண்டு விதமான பொறுப்புத்துறப்பு எல்லாம் ஒரே கார்டில் வந்தால் அது மருந்துச் சீட்டு மாதிரி ஆகிவிடும். அதைவிட, பார்க்கிறவருக்கு இவர் வீட்டையும் விற்று கடனிலும் சம்பாதிக்கிறாரா என்ற கேள்வி வரும். தனித்தனிக் கார்டுதான் நல்லது, இரண்டையும் ஒரே வாடிக்கையாளருக்குச் செய்ய முடியுமா என்பதை இரண்டு கம்பெனியிலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் லைசென்ஸும் வைத்திருந்தால் கட்டாயம் பிரித்துவிடுங்கள், தான் விற்கும் வீட்டுக்குத் தானே விலை மதிப்புச் சொல்வது எந்த விதியிலும் செல்லாது. சி.பி.ஏ. (கணக்காளர் லைசென்ஸ்) நடப்பில் இருந்தால் முதலீட்டாளர்களிடம் அது பேசும். பி.எம்.பி., ஸ்க்ரம் மாஸ்டர், கிளவுட் சான்றிதழ்கள்? சத்தியமாக இப்படிக் கார்டு பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

சென்னை, கோவை மனைகளையும் இங்கிருந்தே பேசி முடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சி.ஐ.பி.எஸ். என்ற சர்வதேசச் சொத்துப் பட்டத்தைப் போட்டுக்கொண்டால் உலகம் முழுக்க விற்கலாம் என்று அர்த்தம் இல்லை. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, அந்தச் சட்டத்தில் பதிவான திட்டங்களில் விற்பனைக்கு உதவும் ஏஜென்ட் அந்தந்த மாநில ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது, மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் ஏறும். பதிவு இருந்தால் அந்த எண்ணை அங்கே கொடுக்கும் கார்டில் போடுங்கள், டெக்ஸாஸ் கார்டில் அதற்கு வேலை இல்லை.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு வருடத்தில் இருப்பவர் பட்டமே போடாமல் மொழி வரியை மட்டும் போடலாம். வாங்குபவர்களோடுதான் அதிக வேலை என்றால் ஏ.பி.ஆர். ஒரு வரியாக. வயதானவர்களின் வீட்டை விற்பது அதிகம் என்றால் எஸ்.ஆர்.இ.எஸ்., பெரிய எழுத்தில். சி.ஆர்.எஸ். இருந்தால் அது இரண்டாவது கார்டுக்கு. மிச்சம் எல்லாம் மெயில் கையெழுத்திலும், க்யூ.ஆர். கோடு போய்ச் சேரும் பக்கத்திலும் இருக்கட்டும், அங்கே இடத்துக்குப் பஞ்சம் இல்லை, ஒவ்வொன்றும் என்ன என்று இரண்டு வரியும் எழுதலாம், சந்தா கட்டாவிட்டால் ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ப்ரூஃபை உங்கள் புரோக்கரிடம் அனுப்பி எழுத்தில் சரி வாங்குங்கள். கார்டும் விளம்பரம்தான், அதில் தப்பு இருந்தால் டெக்ஸாஸில் அவருக்கும் சேர்த்துத்தான் கேள்வி வரும். 250-க்கு மேல் ஒரே தடவையில் அடிக்காதீர்கள், கம்பெனி மாறினால் அத்தனையும் வீண்.